கரும்பு மெஷினுக்கு ஒரு காவல் பெட்டி

சுலோசனாவுக்குப் பயப்படக் காரணம் வேண்டியதில்லை. குக்கர் விசில் வரத் தாமதித்தால் பயம். காலிங் பெல்லை யாராவது அழுத்திப் பிடித்தால் பயம். கொல்கத்தா கிடர்பூரில் கப்பல் சரக்கு கிளியரிங் ஆபீஸில் வேலை பார்க்கும் புருஷன் சிவராம் வழக்கமான பஸ்ஸைத் தவறவிட்டால், அன்றைக்கு வீட்டிலுள்ள சாமி படங்கள் எல்லாவற்றுக்கும் வேலை. அப்பேர்ப்பட்டவள் வயிற்றில் பிறந்த ஜெயப்ரியாவோ, பயமா, அது கிலோ என்ன விலை என்று கேட்கிற ரகம். திருநெல்வேலி ரத்தம் காளிகாட் தண்ணீரைக் குடித்து வளர்ந்தால் இப்படித்தான் ஆகும் என்று சிவராம் சிரிப்பார். அவருக்கென்ன, சிரிப்பார். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிகிறவள் இவள்தானே.

ஜெயப்ரியா படிக்கிற பாலிகஞ்ச் பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் பதினொன்றாம் வகுப்புக்கு ஒரு புது ஏற்பாடு. படித்துப் பரீட்சை எழுதினால் மட்டும் போதாதாம். தெருவில் உழைக்கிற யாராவது ஒருவருக்குப் பயன்படுகிற மாதிரி ஒரு பொருளைத் தன் கையாலேயே செய்து, எல்லார் முன்னாலும் ஓட்டிக் காட்ட வேண்டுமாம். மற்ற பிள்ளைகள் பிழைக்கத் தெரிந்தவர்கள். மூடி தானாகத் திறக்கிற குப்பைத் தொட்டி, இருட்டினால் எரிகிற விளக்கு என்று அலுங்காமல் முடித்துக்கொண்டார்கள். இவளுக்கு அதெல்லாம் எங்கே பிடிக்கும்? ஸ்டேஷன் வாசலில் கரும்புச் சாறு விற்கிற ராம்பிரவேஷின் மெஷின்தான் கண்ணில் பட்டது. மோட்டார் சுற்றச் சுற்ற இரண்டு இரும்பு உருளைகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு ஓடும். நடுவே கரும்பு போனால் சக்கை. விரல் போனாலும் சக்கைதான். ராம்பிரவேஷின் தம்பிக்கு வலது கையில் இரண்டு விரல்கள் கிடையாது. அந்த மெஷின் எடுத்துக்கொண்டதுதான்.

ஜெயப்ரியா செய்தது அந்த மெஷினுக்கு ஒரு காவல் பெட்டி. டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். முகப்பில் கம்பிவலை போட்ட இரண்டு வட்டக் கண்கள். அவை கண்களே இல்லையாம். ஒன்று வாயாம், இன்னொன்று காதாம். நமக்குக் கேட்காத ஒரு சத்தத்தை வாய் விட்டுக்கொண்டே இருக்கும், அது எதிலாவது பட்டுத் திரும்பி வந்தால் காது கேட்கும், வந்த நேரத்தை வைத்து எவ்வளவு கிட்டத்தில் என்ன இருக்கிறது என்று பெட்டி கண்டுபிடிக்கும். கரும்பு தாழ்வாகப் போகும், கை சற்று மேலே வரும். அந்த உயரத்தில் கை வந்துவிட்டால் பெட்டி மோட்டாரை நிறுத்திவிடும். இத்தனையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு சுலோசனா கடைசிவரைக்கும் கண் என்றுதான் சொன்னாள்.

முதலில் செய்த பழைய பெட்டி ஒன்று வீட்டில் கிடந்தது. மோட்டாருக்குப் பதில் அதில் ஒரு பல்பு மாட்டியிருந்தாள். கையை நீட்டினால் பல்பு அணையும், எடுத்தால் எரியும். சாயங்காலமானால் அம்மாவை உட்கார வைத்து, கையை நீட்டு, எடு, நீட்டு என்று பாடாய்ப் படுத்துவாள். ஒரு தரம்கூட அது தப்பியதில்லை. அது பல்புதானே என்று சுலோசனா நினைத்துக்கொள்வாள். பள்ளிக்கூடத்தில் இருப்பது ராம்பிரவேஷ் இரவல் கொடுத்த நிஜ மெஷின். அவரிடம் சும்மா கிடந்த பழையது, ஆனால் உருளைகளுக்கு என்ன வயசா ஆகிறது? விசேஷத்தன்று அதை ஓடவிட்டு, பள்ளிக்கூடக் கமிட்டிக்காரர்கள் முன்னால் தன் கையையே உள்ளே நீட்டிக் காட்டப் போவதாக மகள் சொன்ன நாளிலிருந்து சுலோசனாவுக்குச் சோறு இறங்கவில்லை.

கை எதற்கு, ஒரு வெண்டைக்காயையோ கேரட்டையோ நீட்டிக் காட்டினால் ஆகாதா என்று கெஞ்சிப் பார்த்தாள்.

"என் கையை நானே வைக்கலைன்னா ராம்பிரவேஷ் சாச்சா எப்படிம்மா நம்பி வைப்பாரு?" என்றாள் ஜெயப்ரியா.

சுலோசனா வெண்டைக்காயை நறுக்கப் போய்விட்டாள். பயம் மட்டும் கூடவே வந்தது.

பள்ளிக்கூடத்தார் நாள் பார்த்தது விஸ்வகர்மா பூஜையன்று. நம் ஊரில் ஆயுத பூஜை நவராத்திரியோடு வரும். கொல்கத்தாவில் சுத்தியல், ஸ்பேனர் எல்லாம் செப்டம்பரிலேயே குளித்துப் பூ வைத்துக்கொள்ளும். சுலோசனா இரண்டையும் விடமாட்டாள். பிழைக்க வந்த ஊரின் சாமியைப் பகைத்துக்கொள்வானேன்? நாள் அவர்களுடையது, பூஜை நம் முறை. மிக்ஸி, கிரைண்டர், தையல் மெஷின் என்று ஒன்று விடாமல் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, பூ சாத்துவாள்.

அன்று காலை ஜெயப்ரியா குளிக்கப் போன நேரம். பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய புதுப் பெட்டி துண்டில் சுற்றி மேஜைமேல் இருந்தது. கேட்டால், ஈரம் படக் கூடாதும்மா என்று குதிப்பாள். அதனால் கேட்கவில்லை. துண்டைப் பிரித்தாள். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து இரண்டு கண்களிலும் கட்டைவிரலால் அழுத்தி வைத்தாள். நடுவில் குங்குமம். மகள் கையைக் காக்கப் போகிறவை அந்தக் கண்கள்தானே, அங்கே வைக்காமல் வேறு எங்கே வைப்பது? என் பிள்ளையின் விரலுக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்று முணுமுணுத்துக்கொண்டே மறுபடி சுற்றி வைத்தாள். குளித்து வந்த மகள் இரண்டு இட்லியை நின்றபடியே விழுங்கிவிட்டு, பிரித்தும் பாராமல் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். சிவராம் ஆபீஸ் பூஜைக்கு அதற்கு முன்பே போயிருந்தார்.

அப்புறம் நிதானமாக வீட்டுப் பூஜை. பழைய பெட்டியும் பாவம், எத்தனை நாள் உழைத்திருக்கிறது என்று அதற்கும் அதே மாதிரி இரண்டு கண்களிலும் சந்தனம் வைத்தாள். சூடம் காட்டினாள். பூஜை போட்ட பொருளை ஒரு தரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவள் வீட்டு வழக்கம். மிக்ஸியைக் கர்ரென்று ஒரு சுற்று விட்டாள். தையல் மெஷினை இரண்டு மிதி மிதித்தாள். பெட்டியின் ஸ்விட்சைப் போட்டாள். பல்பு எரிந்தது. வழக்கம்போலக் கையை நீட்டினாள்.

பல்பு எரிந்துகொண்டே இருந்தது.

கையை எடுத்துவிட்டு மறுபடி நீட்டினாள். இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனாள். கண்ணைத் தொடுகிற அளவுக்கு விரலைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பல்பு அசையாமல் எரிந்தது. முந்தானையை நனைத்துச் சந்தனத்தைத் துடைத்தாள். வலைக்குள் இறங்கியதைக் குச்சியால் தோண்டி எடுத்தாள். மறுபடி கையை நீட்டினாள். பல்பு பட்டென்று அணைந்தது.

ஐயோ, என் கையாலேயே செய்துவிட்டேனே என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் செல்போன் வைத்திருக்கக் கூடாது. பள்ளிக்கூட ஆபீஸ் நம்பருக்குப் போட்டாள். ரொம்ப நேரம் அடித்த பிறகு யாரோ எடுத்தார்கள். பின்னால் மைக் செட் அலறியது. பதினொன்றாம் வகுப்பு ஜெயப்ரியாவிடம் உடனே சொல்லுங்கள், மெஷினில் கை வைக்கக் கூடாது, பெட்டிக்குக் கண் தெரியவில்லை என்று வங்காள மொழியில் கத்தினாள். எடுத்தவர் சரிம்மா, சொல்லிவிடுகிறேன் என்று சொன்ன விதத்திலேயே தெரிந்துவிட்டது, அவர் காதில் பாதிகூட விழவில்லை. அடுத்த தரம் யாரும் எடுக்கவே இல்லை. சிவராமுக்குப் போட்டாள். அங்கேயும் கிரேனுக்குப் பூஜை, தாக் மேளம். விஷயம் மனுஷருக்கு உடனே புரிந்துவிட்டது. நீ கிளம்பு, நான் ஸ்கூலுக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறேன் என்றார். கதவைப் பூட்டினாளா என்றுகூட நினைவில்லாமல் இறங்கி ஓடினாள்.

ராஷ்பிஹாரி முக்கில் ஆட்டோ ஸ்டாண்ட். வண்டிகள் எல்லாம் வாழைக்கன்றும் சாமந்தி மாலையும் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. டிரைவர்கள் நெற்றியில் திலகத்தோடு கிச்சடிக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரிடம் கையைக் கூப்பினாள். "ஆஜ் சோல்பே நா, பௌதி" என்றார் அவர், இன்றைக்கு ஓடாது அண்ணி என்று. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சாமிக்கு முன்னால் வைத்த வண்டியை எடுக்க மாட்டார்கள், அது அவளுக்கும் தெரியும். அவள் வீட்டு வழக்கம் அவளுக்கு, அவர்கள் வழக்கம் அவர்களுக்கு. யாரை நோக?

வந்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டாள். தேசப்ரியா பார்க் தாண்டுவதற்குள் அது நின்றது. முன்னால் ஏதோ ஒரு கிளப் பந்தல் கட்டுகிறவர்களின் லாரி சாலையை அடைத்துத் திரும்பிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தாள். லாரி திரும்புகிற வழியாக இல்லை. இறங்கி நடந்தாள், நடை ஓட்டமானது. மேலே வானம் முழுக்க அந்தப் பூஜைக்கென்று விடுகிற பட்டங்கள். ஒரு பட்டம் அறுந்தால் மாடிகளிலிருந்து "போகாட்டா" என்று ஒரு கூச்சல் கிளம்பும், வெட்டிவிட்டோம் என்கிற கூச்சல். ஒவ்வொரு கூச்சலுக்கும் அவள் இன்னும் வேகமாக ஓடினாள்.

துண்டில் உரசிச் சந்தனம் உதிர்ந்திருக்கும் என்று ஒரு நினைப்பு. உதிராது, விரலால் அழுத்தியல்லவா வைத்தாய் என்று இன்னொரு நினைப்பு. கை வைப்பதற்கு முன் ஒரு தரம் சோதித்துப் பார்ப்பாள், பார்க்காமலா இருப்பாள்? ஆயிரம் தரம் பார்த்தாச்சும்மா என்று நேற்றுத்தானே சொன்னாள். கரியாஹாட் சந்தை நெரிசலில் தள்ளிக்கொண்டு போகையில் ஒரு கடைக்காரர் திட்டினார். அவள் காதில் விழவில்லை. மகளின் வலது கைதான் கண்ணுக்குள் நின்றது. நகம் கடிக்கிற பழக்கம் அவளுக்கு. எத்தனை தரம் அந்த விரல்களில் வேப்பெண்ணெய் தடவியிருப்பாள். கடவுளே, அந்த விரல்களை விட்டுவிடு, என் கையை வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று நடுத்தெருவில் வாய்விட்டே சொன்னாள்.

பள்ளிக்கூட வாசலில் காவலாள் மறித்தார். பெற்றோர்களுக்கு மதியத்துக்கு மேல்தான் அனுமதியாம். விளக்கிச் சொல்ல மூச்சு இல்லை. சமையல்காரர்கள் பெரிய கிச்சடி அண்டாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். காவலாள் அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட, சுலோசனாவும் அண்டாவோடு அண்டாவாக உள்ளே நுழைந்துவிட்டாள். பின்னால் அவர் கூப்பிடுவது கேட்டது.

ஹால் நிறைய நாற்காலி, நாற்காலி நிறையப் பிள்ளைகளும் டீச்சர்களும். ஓர் ஓரத்தில் விஸ்வகர்மா சிலை. ஸ்பீக்கரில் மேளம் அதிர்ந்தது. மேடைமேல் அந்த மெஷின், பொட்டும் மாலையுமாக, கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ராம்பிரவேஷ் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, தோளில் கம்ச்சா துண்டோடு நின்றார். பிசிக்ஸ் டீச்சர் பூர்ணிமா மிஸ் மைக்கில் விளக்கிக்கொண்டிருந்தாள். ஜெயப்ரியா சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினாள். சபையைப் பார்த்துச் சிரித்தாள்.

சுலோசனா கத்தினாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. மேடைக்குப் போக வழி முழுக்க முழங்கால்கள். சுவரோரம் ஒரு நீளமான பலகை, அதில் ஏழெட்டு பிளக்குகள் செருகியிருந்தன. எல்லா மெஷினுக்கும் கரண்ட் அதிலிருந்துதான் போனது. எந்த ஒயர் எதற்கு என்று யார் கண்டது? அயர்ன் பாக்ஸ் பிளக்கைக்கூடத் துணி சுற்றித் தொடுகிறவள், குனிந்து இரண்டு கையாலும் அத்தனையையும் பிடுங்கி எறிந்தாள். நீலமாய் ஒரு பொறி பறந்தது.

ஸ்பீக்கர் நின்றது. குப்பைத் தொட்டி பாதி திறந்தபடி நின்றது. விளக்குகள் அணைந்தன. அந்தத் திடீர் அமைதியில் கரும்பு மெஷினின் உருளைகள் மட்டும் உடனே நிற்காமல் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு மேலே, ஒரு சாண் உயரத்தில், மகளின் கை.

"கையை எடுட்டி!"

ஜெயப்ரியா திரும்பிப் பார்த்தாள். கை அந்தரத்திலேயே நின்றது. உருளைகள் மெல்ல மெல்லச் சுற்றி ஓய்ந்தன.

அதற்குள் சுலோசனா யார் யார் காலையோ மிதித்துக்கொண்டு மேடை ஏறி, மகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துவிட்டாள். ஜெயப்ரியாவுக்கு அவமானத்தில் முகம் கறுத்துவிட்டது. கமிட்டிக்காரர் ஒருவர் யார் இந்த அம்மாள் என்று கேட்டார். அம்மாவுக்கு எதைக் கண்டாலும் பயம், மன்னித்துவிடுங்கள் என்று மகள் வங்காள மொழியில் சொன்னாள். பிளக்கை மறுபடி செருகச் சொன்னாள். தான் கை வைத்துக் காட்டியே தீர்வேன் என்று கையை உதறினாள். சுலோசனா விடவில்லை. சந்தனம், கண் என்று மூச்சுக்கு மூச்சு இரண்டு சொல் வந்தது, அதற்கு மேல் வரவில்லை.

ராம்பிரவேஷுக்கு என்ன புரிந்ததோ. பிளக்கைச் செருகியதும் மெஷின் ஓடத் தொடங்கியது. அவர் தோளிலிருந்த கம்ச்சாவை எடுத்து உருட்டி, கை வருகிற உயரத்தில், பெட்டிக்கு நேராக நீட்டினார். மெஷின் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே நீட்டினார். தொங்கிய நுனி உருளைகளில் பட்டதுதான் தெரியும். கம்ச்சா விருட்டென்று இழுபட்டது. அவர் விரல்களை விரித்துவிட்டுப் பின்னால் தாவினார். முழுத் துண்டும் உள்ளே போய் உருளைகளைச் சுற்றி இறுகியது. மோட்டார் முனகிக்கொண்டு புகைய ஆரம்பித்த பிறகு யாரோ பிளக்கைப் பிடுங்கினார்கள்.

ஜெயப்ரியா துண்டைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். அப்புறம் குனிந்து, காலையில் அவசரமாக மாட்டியபோது பூஜைப் பொட்டு என்று கவனியாமல் விட்ட பெட்டியின் முகத்தைப் பார்த்தாள். சந்தனம் காய்ந்து வலையோடு வலையாகக் கெட்டித்துப் போயிருந்தது.

திட்டப் போகிறாள் என்று சுலோசனா காத்திருந்தாள். திட்டட்டும், அடிக்கக்கூட அடிக்கட்டும், கை இருக்கிறதே அடிக்க. மகள் திட்டவில்லை. வலையில் காய்ந்ததை நகத்தால் சுரண்டினாள்.

"சந்தனம் இல்லாட்டாலும் இதுதான்மா நடந்திருக்கும். சாறு தெறிச்சுக் காஞ்சாலே இப்படித்தான் அடைச்சுக்கும். சத்தம் திரும்பி வரலைன்னா கை இல்லைன்னு வச்சுக்கோ, ஓடுன்னு ப்ரோகிராம்ல நான்தான் எழுதி வச்சேன்."

எதற்காக அப்படி எழுதினாள் என்பதையும் அவளே பூர்ணிமா மிஸ்ஸிடம் சொன்னாள். முதலில் வேறு மாதிரிதான் இருந்ததாம். சத்தம் திரும்பாவிட்டால் மெஷின் நின்றுவிடும். ஆனால் சும்மா சும்மா நின்றது. இப்படி நின்றால் வியாபாரம் எப்படி ஆகும் என்று ராம்பிரவேஷ் சிரித்தார். மிஸ்ஸும் இதைச் சரி செய் என்றாள். சரி செய்கிறேன் என்று இரண்டு பெட்டியிலும் அந்த ஒரு வரியை மாற்றியிருக்கிறாள். அன்றிலிருந்து ஒரு தரம்கூட நிற்காமல் ஜோராக ஓடியது. எல்லாரும் பாராட்டினார்கள். இதைக் கேட்டதும் பூர்ணிமா மிஸ் மைக்கை அணைத்துக் கீழே வைத்துவிட்டாள்.

ராம்பிரவேஷ் மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நாளையிலிருந்து இந்தப் பெட்டி அவர் தினமும் ஓட்டுகிற கரும்பு வண்டியில் ஏறுவதாக ஏற்பாடு. பெட்டி வந்துவிட்டால் உருளையைப் பார்க்கவே வேண்டாம், வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கரும்பைத் தள்ளலாம் என்று தம்பியிடமும் சொல்லி வைத்திருந்தாராம். இதை அவர் சுலோசனாவிடம் இந்தியில், குறை சொல்கிற தொனி கொஞ்சமும் இல்லாமல் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் பத்து விரல்களையும் மடக்கி மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டார். சுலோசனாவால் அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

கமிட்டிக்காரர்கள் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்கள். ஜெயப்ரியா ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு மெஷினுக்கு முன்னால் மண்டியிட்டாள். இது இந்த மெஷினோடு வெளியே போகக் கூடாதும்மா, இப்பவே கழற்றணும் என்றாள். கை நடுங்கியதில் ஸ்குரூடிரைவர் திருகாணியில் நிற்காமல் வழுக்கி வழுக்கி விழுந்தது. பிறந்த நாளிலிருந்து அந்தக் கை நடுங்கி சுலோசனா பார்த்ததில்லை. இந்தப் பிள்ளைக்குக் கொஞ்சமாவது பயம் வர வேண்டும் என்று எத்தனையோ நாள் வேண்டியிருக்கிறாள். வந்துவிட்டது. அதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து பெட்டியைக் கீழிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டாள். மெஷினின் பிளக் தரையில் தனியாகக் கிடந்தது. அது இருவருக்கும் தெரியும். இருந்தும், கடைசித் திருகாணி உருளையை ஒட்டி இருந்ததால், தாயும் மகளும் விரலை அந்தப் பக்கம் கொண்டுபோகாமல் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.